ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இலக்கியமா? கடலூர், பாண்டி நண்பர்கள் வந்து சொல்லுங்கள்

கெடிலக்கரை:
போன ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது பேச்சு முற்றிவிட்டது. அடுத்த மாதத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளைப் படிக்கலாம் என்று நான் சொன்னேன். வட்டத்தில் மூத்தவர் ஒருவர், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், "அது துபாஷ் எழுதிவைத்த கணக்கு வழக்கு. கப்பல் வந்தது, துரை கூப்பிட்டார், சரக்கு என்ன விலைக்குப் போனது, இதுவா இலக்கியம்? நாம் இலக்கியம் படிக்கத்தானே இங்கே வருகிறோம்" என்று கேட்டார். நாலைந்து பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

தெரியாதவர்களுக்காக: பிள்ளை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் புதுச்சேரியில் தலைமை துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை எழுதியிருக்கிறார். அச்சில் வரும் என்று நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. வீட்டில் கிடந்த கையெழுத்துப் பிரதி வெளியே தெரியவந்ததே 1846இல்தான். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904இலிருந்து 1928 வரை மெதுவாக வெளிவந்தது. பேச்சுத் தமிழும் தெலுங்கும் பாரசீகமும் பிரெஞ்சும் போர்த்துகீசும் கலந்த நடை.

என் கேள்வி இந்த ஒரு புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒரு எழுத்தை இலக்கியம் என்று சொல்ல எது அடையாளம்? எழுதியவர் மனதில் இருந்ததா, நடையா, படிக்கிறவர் என்ன செய்கிறார் என்பதா, இல்லை யாரோ பெரியவர்கள் போட்ட பட்டியலா? சும்மா "எல்லாமே இலக்கியம்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது பதில் ஆகாது.

முத்தியால்பேட்டை அச்சகம்:
வாத்தியாரே, தாசில்தார் கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து அச்சுத் தொழிலே செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், பிள்ளை மேல் எனக்கு மரியாதை உண்டு. ரங்கப்பிள்ளை தெரு வழியாகத்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறேன். ஆனால் மரியாதை வேறு, இலக்கியம் வேறு. அந்தக் குறிப்புகளை வைத்து பிரபஞ்சன் நாவல் எழுதினார், 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்ய அகாதெமி வாங்கியது. அது இலக்கியம். ஏனென்றால் அங்கே ஒருவர் உட்கார்ந்து எதை எடுப்பது, எதை விடுவது, யார் வாயால் சொல்வது என்று யோசித்து எழுதியிருக்கிறார். பிள்ளை எழுதியது அதற்கு மூலப்பொருள்.

அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை. இந்தக் கோட்டை அழித்துவிட்டால் எல்.ஐ.சி. ஏஜெண்டின் டைரியும் இலக்கியம் ஆகிவிடும்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்:
அண்ணா, அரிஸ்டாட்டிலை நடுவில் நிறுத்திவிட்டீர்கள். செய்யுளில் எழுதினாலும் வரலாறு வரலாறுதான் என்கிறவர் அவர், அதாவது வடிவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதே என்கிறார். எழுதியவரின் எண்ணத்தை அளவுகோலாக வைத்தாலும் சிக்கல் தீராது. எத்தனையோ பாசுரங்களும் பதிகங்களும் "இலக்கியம் படைக்கிறேன்" என்று எழுதப்பட்டவை இல்லை, கோயிலில் பாடுவதற்காக வந்தவை. அப்பர் திருப்பாதிரிப்புலியூரில் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று பாடியபோது பாடத்திட்டக் குழுவையா நினைத்திருப்பார்?

கோட்பாடுகளைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன், நான் ஆய்வு செய்வது பிரெஞ்சு இலக்கியம் என்பதால் அந்தப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1917இல் ரஷ்யாவில் ஷ்க்லோவ்ஸ்கி, கலையின் வேலை பழகிப்போன பொருளை மறுபடி புதிதாகப் பார்க்க வைப்பது என்றார். தினமும் பார்க்கிற கல்லைக் கல்லாக உணரவைப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மொழி முறுக்கிக்கொண்டு நிற்கிற இடமெல்லாம் இலக்கியம். ஆனால் அப்படியென்றால் நேராகச் சொல்கிற குறள்களை என்ன செய்வது? அப்புறம் சார்த்ர், 1947இல், 'இலக்கியம் என்றால் என்ன' என்றே தலைப்பு வைத்து எழுதினார். எழுத்து வாசகனின் சுதந்திரத்துக்கு விடுக்கும் அழைப்பு, படிக்கிறவன் வந்து முடிக்காதவரை நூல் முடிவதில்லை என்பது அவர் கட்சி. அடுத்த இருபது வருஷத்துக்குள் ரோலான் பார்த் வந்து, நூலின் பொருளைத் தீர்மானிப்பது எழுதியவன் இல்லை என்று சொல்லி ஆசிரியனைக் கொன்றேபோட்டார். 1983இல் டெரி ஈகிள்டன், இலக்கியம் என்று தனியாக ஒரு பண்பு கிடையாது, ஒரு சமூகம் எதை உயர்வாக மதிக்கிறதோ அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறது என்று முடித்தார்.

நம் ஊர்ச் சரக்கை மறந்துவிட வேண்டாம். 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்' என்று தொல்காப்பியம் சொல்கிறது. புனைந்ததும் நடப்பதும் கலந்தால்தான் பாட்டு. அரிஸ்டாட்டில் இரண்டாகப் பிரித்ததைத் தொல்காப்பியர் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார். இந்த வேறுபாட்டைப் பற்றித் தமிழ்த் துறைகளில் இன்னும் நிறைய பேசியிருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

நெய்வேலி 2ஆம் சுரங்கம்:
தோழர்களே, ஈகிள்டனை இவ்வளவு தூரம் இழுத்து வரத் தேவையே இல்லை, கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப், உ.வே.சாவிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் மசியவில்லை, சிந்தாமணி படித்தீர்களா, மணிமேகலை படித்தீர்களா என்கிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த மாணவர், கல்லூரியில் தமிழாசிரியர், அவருக்கு அந்த நூல்கள் பாடத்தில் இல்லை. சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அச்சேறிய பிறகு முழுப் பட்டியலும் தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் தமிழின் பெருமை என்றால் சங்க இலக்கியம் என்கிறது. அந்தாதி எத்தனை பேர் படிக்கிறோம்?

பாட்டு மாறவில்லை. மடத்துக் கையில் இருந்த பட்டியல் கல்லூரிக்கும் அச்சகத்துக்கும் இயக்கத்துக்கும் கை மாறியது. ஆகவே "இது இலக்கியமா" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "யாருடைய பட்டியலில்?"

வடலூர் ஜோதி:
நெய்வேலி ஐயா சொன்னதற்கு இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வள்ளல் பெருமான் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் திருவருட்பா என்று பெயர் கொடுத்து வெளியிட்டார். ஆறுமுக நாவலர் தரப்பு, அருட்பா என்றால் தேவார திருவாசகம்தான், நேற்று எழுதியதை அந்த வரிசையில் வைக்கக்கூடாது, இது மருட்பா என்றது. அந்தச் சண்டை வளர்ந்து 1869இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. பெருமான் உள்ளே நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்று எங்கள் பக்கத்தில் கதையாகச் சொல்வார்கள்.

இன்றைக்கு அந்த வழக்கை யார் நினைத்துக்கொண்டு பாடுகிறார்கள்? தைப்பூசத்துக்கு வந்து பாருங்கள். பாடலைக் காப்பாற்றியது பாடுகிறவர்கள்.

கெடிலக்கரை:
ஜோதி ஐயா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். வழக்கின் சட்ட விஷயம் பாடல்கள் இல்லை, சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் அவதூறாகப் பேசினார்கள் என்பதுதான் நாவலரின் புகார். ஆனால் அதற்கு வேர் இந்தப் பெயர்ச் சண்டை. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இரண்டு தரப்புக்கும் பாடல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமாகவே இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்பதே பிரச்சினை. அலமாரிச் சண்டை தமிழுக்குப் புதிதில்லை, எங்கள் தாசில்தாரும் அதைத்தான் செய்தார்.

ஆனாலும் நெய்வேலி தோழரின் பதில் எனக்கு நிறைவாக இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள் என்பது உண்மை. அப்படியானால் பட்டியல் மாறிய பிறகும், மடம் போய்க் கல்லூரி வந்த பிறகும், ஒரு கபிலர் பாட்டு ஏன் இன்னும் பிடித்து நிறுத்துகிறது? குறுந்தொகை 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் நினைவு வந்தவள் போல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். கோர்ட்டு என்றதும் எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. சாட்சி உண்டு, ஆனால் பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் கொக்கின் கால் தினைத்தாள் மாதிரி மெல்லிசாகப் பச்சையாக இருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று நமக்குத் தெரிகிறது, ஆனால் எந்த நீதிபதிக்கும் அது போதாது. போதாது என்று அவளுக்கும் தெரியும். கொக்கு மீனைப் பார்த்ததுபோல அவனும் தன் பசிக்கு வந்தவனோ என்ற பயம் ஒரு சொல்லிலும் இல்லை, ஆனால் பாட்டு முழுக்க இருக்கிறது.

இந்த ஐந்து வரியில் தகவல் என்று எடுத்தால் அரை வரி தேறாது. எந்த அதிகாரம் இதைப் பட்டியலில் வைத்தது என்று சொல்வதால் இது செய்கிற வேலை விளங்கிவிடுமா?

நெய்வேலி 2ஆம் சுரங்கம்:
விளங்காது, சரி. ஆனால் அந்தப் பாட்டை இப்படிப் படிக்க உங்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திணை, துறை, தலைவி கூற்று என்று தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள், பறவை பற்றிய குறிப்பு என்று வைத்துவிட்டுப் போவார். ஈழத்து விமர்சகர் கைலாசபதி 1968இலேயே சங்கப் பாட்டை வாய்மொழிப் பாணர் மரபாகப் பார்க்கவேண்டும் என்று கிரேக்கத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அப்படிப் பார்த்தால் இது ஒரு தனி மேதையின் ஐந்து வரி என்பதே மாறிவிடும், பலர் வாயில் புழங்கிய உத்திகளின் சேர்க்கை என்று ஆகும்.

முத்தியால்பேட்டை அச்சகம்:
தோழர், கற்றுக்கொடுத்தால்தான் வரும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அதட்டலும் கெட்ட வார்த்தையும்தான். ஆனால் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த லா ஃபோன்தேன் பாட்டு ஒன்று, காகமும் நரியும், அதைக் கடைசிவரை முழுசாகச் சொல்வார். மீசையை நீவிக்கொண்டு, நரி பேசுகிற இடத்தில் குரலைக் குழைத்துச் சொல்வார். ஒருநாள் அர்த்தம் கேட்டேன், "நரி காக்காவை ஏமாத்துதுடா, வேற என்ன" என்றார். அர்த்தம் அவருக்கு அவ்வளவுதான். ஆனால் ஓசையை விடவில்லை. எனக்கு இலக்கியம் என்பது அதுதான். சொல்லை மாற்றினால் கெட்டுப்போகும், அதே சொல்லில் இருந்தால்தான் நிற்கும். செய்தித்தாளை நான் சொந்த வார்த்தையில் சொல்லிவிடலாம், பாட்டை முடியாது.

பிள்ளை நாட்குறிப்பை யாராவது மனப்பாடம் செய்திருக்கிறீர்களா? அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்:
அண்ணா, பெரியப்பா கதை பிரமாதம், அளவுகோல்தான் சரிப்படாது. அதன்படி போனால் எந்த நாவலும் தேறாது. நாவலை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? நீங்களே மேலே நாவலைத்தான் இலக்கியம் என்றீர்கள்.

பிள்ளைக்கு வருகிறேன். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நாட்களின் குறிப்பை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். வரலாற்றாசிரியர் அதில் எடுப்பது தேதி, உத்தரவு, யார் யார் பங்கு. எடுத்தவுடன் அவர் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பக்கங்களில் எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். துரையிடம் சம்பளமும் செல்வாக்கும் வாங்குகிறவர், அதே ஊரின் இந்துக்களுக்குப் பெரிய மனிதர், மதாம் துய்ப்ளேக்ஸைக் கண்டால் ஆகாது. வந்தவர்கள் சொன்னதையும் தான் சொன்னதையும் எழுதிக்கொண்டே போகிறார், தான் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியின் பக்கம் மட்டும் அவர் பேனா போகவே மாட்டேன் என்கிறது. வேறு இடங்களில் பாருங்கள், தன் ஜாதகம் எப்பேர்ப்பட்டது, தன்னை யார் எப்படிப் புகழ்ந்தார்கள் என்பதையெல்லாம் கூச்சமே இல்லாமல் எழுதிவைத்திருப்பார். அவ்வளவு வாய் பேசுகிறவர் இந்த இடத்தில் எதை விழுங்குகிறார் என்று தேடுகிற நிமிஷத்தில் நான் அதை ஆவணமாகப் படிப்பதை நிறுத்திவிடுகிறேன்.

கெடிலக்கரை:
இதைத்தான் நான் தாசில்தாரிடம் சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன். தகவலை எடுத்துக்கொண்ட பிறகும் எழுத்தில் மிச்சம் இருக்கிறதா? மிச்சம் இருந்தால், அதற்காகத் திரும்பிப் போகத் தோன்றினால், அது இலக்கியத்தின் பக்கம் வந்துவிட்டது. மின்சார பில்லுக்குத் திரும்பிப் போகமாட்டோம், தொகையைப் பார்த்தால் முடிந்தது. இந்த மிச்சம் எழுத்தில் இருக்கவேண்டும், நாமாக ஊற்றக்கூடாது. அதே சமயம் படிக்கிறவர் தேடாதவரை வெளியே வராது. அதனால்தான் நெய்வேலி தோழர் சொல்கிற பயிற்சியும் வேண்டும், முத்தியால்பேட்டை சொல்கிற சொல்லின் பிடிவாதமும் வேண்டும்.

தேவனாம்பட்டினம் பொண்ணு:
சார், அண்ணன்மார்களே, நான் ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது இப்போதுதான். நான் படித்தது இன்ஜினீயரிங், அதனால் பெயரெல்லாம் உதிர்க்க வராது.

நீங்கள் எல்லோரும் எழுதினதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஒப்பாரிக்கு ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரியில் பாதி அடி எல்லோருக்கும் தெரிந்த அடிதான், தங்கத் தேர், முத்துப் பந்தல் என்று எந்தச் சாவுக்கும் வரும். கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால் செத்தவர் யார் என்று அந்த அடிக்குள் நுழைப்பதில்தான். எங்கள் பெரிய பாட்டி, அதாவது பாட்டியின் ஓரகத்தி, இறந்தபோது பாடினதில் இந்த இரண்டு அடி எனக்கு அப்படியே நிற்கிறது:

வடக்கு வாசலிலே வாழமரம் கட்டவெச்ச
வாசக் கதவடைச்சு வழியிலே நிக்கவெச்ச

இது உங்கள் அலமாரியில் எங்கே வரும்? நாட்டுப்புறவியல் என்று தனி அறை ஒதுக்கிவிடுவீர்கள், அது தெரியும். வராந்தாவில் உட்காரவைப்பது மாதிரி.

முத்தியால்பேட்டை அச்சகம்:
வாம்மா. இந்த இரண்டு அடி என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரு சொல்லை மாற்றிப் பார், கெட்டுப்போகும். எழுதினாலும் பாடினாலும் கட்டு இருக்கிறது. அந்த வராந்தா விஷயத்தில் பாண்டிக்காரர்களைத் திட்டாதே, கி.ரா. கடைசிக் காலம் முழுக்க எங்கள் ஊரில்தான் இருந்தார், பல்கலைக்கழகமே கூப்பிட்டு நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்க உட்காரவைத்தது.

நெய்வேலி 2ஆம் சுரங்கம்:
சரியாகக் கேட்டாய் பெண்ணே. எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே நாவலில் ஏறியதே அண்மையில்தான். விருத்தாசலம் பக்கத்துப் பேச்சில் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதியது 1994. அதற்கு முன்னால், தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் வீட்டுப் பெண்ணின் சொல் அச்சில் வந்து நடுவில் உட்கார்ந்ததுண்டா? இலக்கியம் எதற்கு என்று கேட்கிறார்களே, இதற்குத்தான். ஊருக்குள் பேச இடமில்லாதவர் பேச்சு அங்கே நடுக்கூடத்துக்கு வருகிறது.

லாஸ்பேட்டை ஆய்வாளர்:
இப்போது பேச்சு "எதற்கு" என்பதற்கு வந்துவிட்டது, நல்லது. இதில் ரொம்பப் பிரபலமான பதில் ஒன்று உண்டு: இலக்கியம் படித்தால் மற்றவர் மனது புரியும், மனிதன் இளகுவான். 2013இல் 'சயின்ஸ்' இதழில் கிட், கஸ்டானோ என்ற இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இலக்கியத்தரமான புனைவைக் கொஞ்சநேரம் படித்தவர்கள், மற்றவர் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் நன்றாகச் செய்தார்கள் என்றது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் கொண்டாடினார்கள், இப்போதும் மேடைகளில் சொல்கிறார்கள். ஆனால் பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2018இல் சமூக அறிவியல் ஆய்வுகள் 21ஐ மறுபடி செய்து பார்த்த பெரிய முயற்சியிலும் இது தேறவில்லை. சில நிமிஷம் படித்து மனது விரியும் என்பது ஆசைதான். வருஷக்கணக்காகப் படிப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பது வேறு கேள்வி.

நெய்வேலி 2ஆம் சுரங்கம்:
இதற்கு ஆய்வே வேண்டாம். கதே படித்துவிட்டு மறுநாள் காலையில் வதைமுகாம் வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஜார்ஜ் ஸ்டெய்னர் எழுதிவிட்டார். அவ்வளவு தூரம் ஏன், நம் எழுத்தாளர்கள் ஒருவரை ஒருவர் முகநூலில் பேசிக்கொள்வதைப் பார்த்தால் இலக்கியம் மனிதனை இளக்கும் என்று யாராவது சொல்வார்களா?

வடலூர் ஜோதி:
அப்படிச் சொல்லக்கூடாது ஐயா. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன் என்ற வரியைக் கேட்டு மனம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கறி விட்டவர்கள் இருக்கிறார்கள். 1867இல் ஏற்றிய அடுப்பு தருமசாலையில் இன்றும் எரிகிறது, சோறு போடுகிறார்கள். பாட்டும் சோறும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

முத்தியால்பேட்டை அச்சகம்:
ஜோதி ஐயா, பாட்டைக் கேட்டவர் பல லட்சம், கறி விட்டவர் எத்தனை பேர்? நன்மை செய்யும் என்று சொல்லி இலக்கியத்தை விற்காதீர்கள், டானிக் மாதிரி ஆகிவிடும். நன்னூலில் அறம் பொருள் இன்பம் வீடு அடைதல் நூற்பயன் என்று இருக்கிறதே, அதில் எனக்கு மூன்றாவது போதும்.

கெடிலக்கரை:
பயன் என்ற பேச்சு வந்ததால் பள்ளிக்கூடத்தில் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். மேல்நிலை வகுப்பில் "பா நயம் பாராட்டுக" என்று ஒரு கேள்வி உண்டு. நாலைந்து அடிப் பாட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு முன்பே அச்சு தயார்: திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், சந்தம், சுவை, அணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை வாக்கியம் மனப்பாடம். "குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை" என்று எழுதிவிட்டு முதல் எழுத்து ஒன்றாக வரும் இரண்டு சொல்லை எடுத்துப் போட்டால் மோனைக்கு மதிப்பெண். "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்று எழுதி இரண்டாம் எழுத்தைப் பார்த்தால் எதுகைக்கும் ஆயிற்று. பாட்டைப் படிக்கவே தேவையில்லை, எழுத்துகளைப் பார்த்தால் போதும்.

சுவை என்ற தலைப்பில் நடப்பது எனக்கு இன்னும் பொறுக்காது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு நாலு காரணம். அழுகை எதனால் வரும் என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவுக்கு அழுவதும் வறுமைக்கு அழுவதும் ஒரே அழுகையா என்று உட்கார்ந்து யோசித்த மரபு இது. அதை ஒரு பிள்ளை "இப்பாடலில் பெருமிதச் சுவை பயின்று வந்துள்ளது" என்று எந்தப் பாட்டுக்கும் எழுதிவிட்டு வருகிறது, நானும் மதிப்பெண் போடுகிறேன். இலக்கியம் ஏன் வேண்டும் என்பதற்கு இவ்வளவு கோட்பாடு பேசுகிறோம். வேண்டாம் என்று ஆக்குவதற்கு ஒரு விடைத்தாளே போதும்.

தேவனாம்பட்டினம் பொண்ணு:
சார், அதை எழுதித்தான் நானும் பாஸ் செய்தேன். குயவனுக்குப் பானை இன்னும் மறக்கவில்லை, அந்தப் பாட்டு எது என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

எதற்கு இலக்கியம் என்பதற்கு நான் நினைப்பது: 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குப் படிவத்தோடு நிறைய பேர் வந்தார்கள். பெயர், வயது, உறவுமுறை, படகு இருந்ததா, வலை எத்தனை. அது இல்லாமல் நிவாரணம் இல்லை, குறை சொல்லவில்லை. ஆனால் செத்தவர் எப்படிப்பட்ட ஆள், அவர் மேல் உங்களுக்குக் கோபம் பாக்கி இருக்கிறதா என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. பாட்டிக்கு அதற்கு இடம் இருந்தது.

நான் போட்ட இரண்டு அடிக்கும் நயம் பாராட்டுங்கள் சார், பார்ப்போம்.

கெடிலக்கரை:
சவாலா? சரி.

மோனை: வடக்கு, வாசல், வாழமரம், வாசக் கதவு, வழி. முதலடியில் முதல் மூன்று சீரிலும் வகரம் விழுகிறது, கூழை மோனை மாதிரி; இரண்டாமடியில் முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் விழுகிறது, பொழிப்பு மோனை மாதிரி நிற்கிறது. இயைபு: கட்டவெச்ச, நிக்கவெச்ச. முரண்: முதலடியில் வாழைமரம் கட்டித் திறந்த கல்யாண வாசல், இரண்டாமடியில் அடைத்த கதவு. கட்டவைத்ததும் நிற்கவைத்ததும் ஒரே ஆள். இந்த வீட்டு நல்லது பொல்லாதது எல்லாம் உன்னால்தானே நடந்தது, இப்போது நீ போய்விட்டாய், எனக்கு வழியில்லை என்கிறார். அணி என்று பார்த்தால் உருவகம்: சாவைக் கதவடைப்பு ஆக்கியிருக்கிறார். மெய்ப்பாடு அழுகை, அதிலும் இழவு பற்றி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முழு மதிப்பெண் போடலாம்.

லாஸ்பேட்டை ஆய்வாளர்:
சார், அருமை. அந்த இரண்டு 'வெச்ச'வில் முதலாவது நன்றி, இரண்டாவது புகார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் பொண்ணு:
எல்லாம் சரி சார், உருவகம் மட்டும் இல்லை. அது நிஜக் கதவு.

பாட்டிக்கும் பெரிய பாட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பாகம் பிரித்தபோது பொது வாசலை வடக்குப் பக்கம் உள்ளவர்களுக்கு என்று எழுதிக்கொண்டு பெரிய பாட்டி கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டார். அத்தை கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியது அந்த வாசலில்தான், அதற்கு அப்புறம் எங்கள் வீட்டு ஆட்கள் சந்து வழியாகச் சுற்றித்தான் வந்தார்கள். சாவு வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஊர் முழுக்கக் கேட்க, மாரில் அடித்துக்கொண்டு பாட்டி பாடியது அதைத்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் நீங்கள் சொன்ன மாதிரியே நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரிய பாட்டியின் மகன் மட்டும் எழுந்து வெளியே போனார். பாட்டி அழுததும் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது.

முத்தியால்பேட்டை அச்சகம்:
அடி ஆத்தி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அரிஸ்டாட்டிலை நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேனே பாப்பா. சரி, பூட்டைத் திறந்தார்களா இல்லையா?

தேவனாம்பட்டினம் பொண்ணு:
பதினாறாம் நாள் காரியத்துக்குத் திறந்தார்கள் அண்ணே. முடிந்ததும் மறுபடி பூட்டிவிட்டார்கள்.